எட்டாவது தட்டு

வில்பட்டி பொன்னுச்சாமி ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறே கால் மணிக்குத் தன் பூண்டுக் காட்டுக்கு மேலே ஒரு பறக்கும் தட்டைப் பார்த்தார். ஏழு மணிக்கு அதை அரசாங்கத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். முதல் காரியத்துக்கு அவர் பொறுப்பில்லை. இரண்டாவதற்கு அவரை மன்னிக்கவே முடியாது. ரேஷன் அட்டையில் 'பெண்ணுச்சாமி' என்று அடித்துக் கொடுத்ததைத் திருத்துவதற்காக இரண்டு வருஷம் மலை ஏறி இறங்கிய மனிதர் அவர். அரசாங்கத்தைத் தெரியாதவர் இல்லை.

அவர் பார்த்தது இவ்வளவுதான். பனி விலகிக்கொண்டிருந்த நேரம். மூன்றாவது பாத்திக்கு நேர் மேலே, வரப்போரத்துப் பேரிக்காய் மரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரத்தில், வட்டமாகப் பளபளவென்று ஒன்று அசையாமல் நின்றது. தூரத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். கீழே பூண்டுத் தாளெல்லாம் வட்டமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. பொன்னுச்சாமி வாயைப் பிளந்தபடி நிற்க, அதுவும் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பழனிப் பக்கமாகப் போய் மேகத்துக்குள் புகுந்துவிட்டது.

வீட்டுக்கு ஓடி வந்து மனைவி வள்ளியிடம் சொன்னார். அவள் உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். பூண்டுக்கு ஏதாவது ஆயிற்றா என்று மட்டும் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

"அப்பறம் என்னங்க. அது வந்த சோலிய அது பாத்துட்டுப் போயிருச்சு. நீங்க உங்க சோலியப் பாருங்க."

அந்த வீட்டில் யாருக்கு மூளை என்பது ஊருக்கே தெரியும். பொன்னுச்சாமிக்கும் தெரியும். ஆனாலும் பார்த்ததை உள்ளேயே வைத்துக்கொள்ள அவரால் முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள்: 'மலைக்குரல் – எதைக் கண்டாலும் சொல்லுங்கள், எந்நேரமும் கேட்கிறோம்.' அதை நம்பினார்.

நம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூண்டுத் தாள் பழுத்துவிட்டது. திங்கட்கிழமை எடுப்பதற்கு ஆளுக்குச் சொல்லி வைத்தாயிற்று. பத்து நாளில் கோடை மழை இறங்கிவிடும். அதற்குள் எடுக்காவிட்டால் ஈரம் ஏறி, பல் பிரிந்து, மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். அடுத்த போகத்துக்கு விதையும் அதே பூண்டுதான். இந்த நேரத்தில் அந்தத் தட்டு மறுபடி வந்து பயிரைப் படுக்கப் போட்டால் என்ன செய்வது, அரசாங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்போமே என்று நினைத்தார். பாவம்.

மலைக்குரலில் பேசிய பெண் அன்பானவள். குடிநீரா, தெருவிளக்கா, சாலையா, முதியோர் உதவியா என்று கேட்டாள். பறக்கும் தட்டு என்றார் பொன்னுச்சாமி. அவள் கம்ப்யூட்டரில் தேடினாள். 'பறக்கும்' என்று அடித்தால் அதில் ஒரே ஒரு பிரிவுதான் வந்தது: பறக்கும் படை.

"படைன்னு போட்டுக்கலாமா சார்? தட்ட விவரத்துல எழுதிக்கிறேன்."

"கிட்டத்தட்ட அதானம்மா" என்று பொன்னுச்சாமி ஒப்புக்கொண்டார். வானத்தில் பறப்பதைப் பிடிக்க அரசாங்கத்திடம் பறக்கிற படையே இருக்கிறது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பறக்கும் படை என்பது தேர்தல் சமயத்தில் வாக்காளர்களுக்குக் கட்சிகள் கொடுக்கும் வேட்டி சேலை, குடம், குத்துவிளக்கு வகையறாக்களைப் பறிமுதல் செய்வதற்காக ஜீப்பில் சுற்றுகிற கூட்டம். தேர்தல் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. படையைக் கலைக்கும் உத்தரவு மட்டும் இன்னும் மலை ஏறி வந்து சேரவில்லை. அதனால் அவர்கள் தினமும் வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே ஏறி இறங்கி, ஒன்றும் கிடைக்காமல், வெறுத்துப்போய் இருந்தார்கள். தட்டு என்ற வார்த்தை அவர்கள் காதில் தேனாகப் பாய்ந்தது.

சனிக்கிழமை காலை ஜீப் வந்து நின்றது. படைத் தலைவர் ராஜமுருகன் முதலில் இறங்கினார். பின்னால் வீடியோ எடுக்கும் மணியன்.

"தட்டு எந்தக் கட்சி?" என்றார் ராஜமுருகன்.

பொன்னுச்சாமி யோசித்தார். "கட்சியெல்லாம் தெரியலங்க சார். பளபளன்னு இருந்துச்சு."

"எவர்சில்வரா?"

"அந்தாப்புலதாங்க தெரிஞ்சுச்சு."

"யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கலங்க. மேலருந்து வந்துச்சு."

ராஜமுருகன் மணியனைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, 'கட்சி மேலிடத்திலிருந்து நேரடியாக வந்ததாக வாக்குமூலம்' என்று எழுதிக்கொண்டார். இவ்வளவு பெரிய வழக்கு அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை.

சோதனை அடுப்படியில் நடந்தது. வள்ளி கல்யாணத்துக்குச் சீராகக் கொண்டுவந்த ஏழு எவர்சில்வர் தட்டுகள் அங்கே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் வழக்கம்போல் பெயர் வெட்டியிருந்தது. ராஜமுருகன் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"வள்ளி. இது யாரு, எந்தத் தொகுதி?"

"இந்த அடுப்படித் தொகுதிதாங்க" என்றாள் வள்ளி. "இருவத்தேழு வருசமா நாந்தான். எதுத்து நிக்க ஆளில்ல."

"இதுல எது பறந்துச்சு?"

"எனக்குக் கோவம் வந்தா ஏழும் பறக்கும்."

அதையும் எழுதிக்கொண்டார்கள். ஏழு தட்டுக்கும் சீட்டு ஒட்டி, துணிப்பையில் கட்டி, முத்திரை வைத்தார்கள். கடைசியில் கணக்கு உதைத்தது. வீட்டுக்காரர் வானத்தில் பார்த்ததாகச் சொன்ன தட்டு இந்த ஏழில் இல்லை. ராஜமுருகன் அதற்கும் வழி வைத்திருந்தார். 'தட்டு எண் 1 முதல் 7 வரை கைப்பற்றப்பட்டன. தட்டு எண் 8 தலைமறைவு.' அன்று மத்தியானம் பொன்னுச்சாமியும் வள்ளியும் குக்கர் மூடியில் சோறு போட்டுச் சாப்பிட்டார்கள். வள்ளிக்குக் கோபம் வந்தது. பறக்க விடுவதற்குக் கையில் தட்டுதான் இல்லை.

கோப்பு மேலே போனது. மேலே போன இடத்தில் யாரோ ஒருவர், எப்படியோ, அதைப் படித்துவிட்டார். அரசாங்கத்தில் இது அபூர்வமாக நடப்பது, நடந்தால் வினைதான். தலைமறைவான தட்டு சாப்பிடுகிற தட்டு இல்லை என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். பயந்துபோய் உடனே ஒரு குழு போட்டார். 'அடையாளம் தெரியாத வான்பொருள் குறித்த பல்துறைக் கூட்டாய்வுக் குழு.' தலைவர் துணை வட்டாட்சியர் சண்முகராஜ். உறுப்பினர்கள் வனத்துறையிலிருந்து ஒருவர், சுற்றுலாவிலிருந்து ஒருவர், நில அளவைக்காரர் ஒருவர். எழுதும் வேலைக்குக் கிராம நிர்வாக அலுவலர் லாவண்யா. வீடியோவுக்கு அதே மணியன்.

திங்கட்கிழமை, பூண்டு எடுக்கும் ஆட்கள் வந்து நின்ற அதே நேரத்தில், குழுவும் வந்தது. சண்முகராஜ் காட்டைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டச் சொன்னார்.

"தடயம் கலையக் கூடாது. அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் ஒரு பூண்டத் தொடக் கூடாது."

"சார், தாளு பழுத்துக் கெடக்குங்க. மழ வந்துருச்சுன்னா அம்புட்டும் போச்சு."

"மழைக்கும் சொல்லி அனுப்பலாம்" என்றார் சண்முகராஜ். அவர் கேலி பேசுகிறவர் இல்லை. லாவண்யா அதையும் குறித்துக்கொண்டாள்.

விசாரணை வரப்பில் நாற்காலி போட்டு நடந்தது. சண்முகராஜின் முதல் கேள்வி, அந்தப் பொருள் இ-பாஸ் எடுத்திருந்ததா என்பது. மலைக்கு வருகிற எந்த வாகனமும் இ-பாஸ் இல்லாமல் வரக் கூடாது. சோதனைச் சாவடியில் கேட்டாயிற்று; வெள்ளிக்கிழமை காலை வட்டமான வாகனம் எதுவும் கடக்கவில்லை. அது உள்ளூர் வண்டியாக இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதற்கு உள்ளூர் முகவரி வேண்டும். முகவரி என்ன என்று அவர் பொன்னுச்சாமியைக் கேட்டார். பொன்னுச்சாமி வானத்தைக் காட்டினார். கதவு எண் கேட்டார் சண்முகராஜ்.

நில அளவைக்காரருக்கு வேறு சிக்கல். பட்டாவில் நிலத்துக்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, உயரம் கிடையாது. ஆகவே மேலே இருப்பது பொன்னுச்சாமியின் நிலம் இல்லை, புறம்போக்கு. தட்டு நின்றது புறம்போக்கில். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பொன்னுச்சாமியின் பூண்டுத் தாளும் ஒன்றரை அடி உயரத்துக்குப் புறம்போக்கில்தான் நிற்கிறது என்று கண்டுபிடித்து, ஆக்கிரமிப்பு என்று வரைபடத்தில் பச்சை மையால் குறித்துக்கொண்டார்.

வனத்துறைக்காரர் கால் தடம் கேட்டார். காட்டிலிருந்து வந்த எதற்கும் கால் தடம் இருந்தால் மட்டுமே அவர் பொறுப்பு. கால் இல்லாத எதுவும் அவர் பட்டியலில் இல்லை.

"பாம்புக்குக் கால் ஏதுங்க சார்?" என்றாள் வள்ளி, டீ கொண்டுவந்து வைத்தபடி.

வனத்துறைக்காரரின் முகம் வெளிறிவிட்டது. இருபது வருஷமாகப் பாம்பு பிடிக்கிறவர் அவர். எந்த விதியின் கீழ் பிடித்தோம் என்று விளக்கம் கேட்டு அன்றே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்; அதற்குப் பிறகு விசாரணையில் வாயைத் திறக்கவே இல்லை. சுற்றுலாக்காரர்தான் மகிழ்ச்சியாக இருந்தார். மறுநாளே ரோட்டோரம் 'தட்டு வியூ பாயின்ட்' என்று பலகை நட்டுவிட்டார். வேன் வேனாக ஆட்கள் வந்து ரிப்பனுக்கு வெளியே நின்று காலியான வானத்தைப் படம் பிடித்துப் போனார்கள். எல்லா வேனும் இ-பாஸோடுதான் வந்தது.

பெரிய இடி லாவண்யா வழியாக இறங்கியது. அவள் நல்ல பெண். பொன்னுச்சாமியின் பெயரைத் திருத்திக் கொடுத்தவளே அவள்தான். குழுவின் விண்ணப்பத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். அதில் 'பொருளின் ஆதார் எண்' என்று ஒரு கட்டம். கட்டத்தைக் காலியாக விட்டால் பக்கம் நகரவில்லை. சண்முகராஜ் அரைமணி நேரம் யோசித்துவிட்டு, தற்காலிகமாகப் பொன்னுச்சாமியுடையதைப் போடச் சொன்னார்.

"மாமா, உங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும். சொல்லுங்க" என்றாள் லாவண்யா.

பொன்னுச்சாமி சொன்னார். பக்கம் நகர்ந்துவிட்டது. எல்லோரும் நிம்மதியாக டீ குடித்தார்கள்.

புதன்கிழமை சம்பவத்தை நடித்துக் காட்டச் சொன்னார்கள். தட்டுக்கு என்ன செய்வது என்று தேடி, பஜாரில் பிரியாணிக்கடை முகைதீன் பாயிடம் போய்ப் பெரிய தேக்சாவின் மூடியை வாங்கி வந்தார்கள். தைல மரக் கிளையில் கயிறு போட்டு, நாலு பேர் சேர்ந்து மேலே இழுத்தார்கள். மூடி சுற்றிக்கொண்டே ஏறியது. காடு முழுக்கப் பிரியாணி வாசம். பொன்னுச்சாமி கீழே நின்று ஆச்சரியப்பட வேண்டும்.

முதல் தடவை அவர் ஆச்சரியப்பட்டது போதவில்லை என்றான் மணியன். இரண்டாம் தடவை அளவுக்கு மீறிவிட்டது, செயற்கையாகத் தெரிந்தது. மூன்றாம் தடவை ஆச்சரியம் சரியாக அமைந்தது, ஆனால் மூடி கயிற்றோடு திரும்பிக்கொண்டது. நான்காம் தடவை பொன்னுச்சாமிக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. ரிப்பனுக்கு அந்தப் பக்கம் பூண்டுத் தாள் நரைத்துப் போய்க்கொண்டிருந்தது. அறுவடைக்கு நிற்கும் பயிரின் பக்கத்தில், தொடாமல், ஒரு தேக்சா மூடியைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பது என்ன பிழைப்பு. சண்முகராஜுக்கு அந்த நாலாவதுதான் பிடித்திருந்தது. உணர்ச்சி இருக்கிறது என்றார். மூடியைத் திரும்ப வாங்க வந்த முகைதீன் பாய், நெளிவை யார் சரி செய்வது என்று கேட்டார். அதற்கும் மனு கொடுக்கச் சொன்னார்கள். அவர் விவரமானவர்; மூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தெற்கே மேகம் கறுத்தது. சனிக்கிழமை இடி கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்த பொன்னுச்சாமி ரிப்பனைத் தாண்டிக் கையை நீட்டி ஒரே ஒரு பூண்டைப் பிடுங்கிப் பார்த்தார். பல் லேசாக விலகத் தொடங்கியிருந்தது. இன்று ஒருநாள் தாங்கும், நாளை தாங்காது. அதை மடியில் ஒளித்துக்கொண்டு, குழுத் தலைவர் தங்கியிருந்த விடுதிக்குப் போய் அறைக்கு வெளியே கைகட்டி நின்றார். வள்ளியும் கூடப் போனாள். அவள் கைகட்டவில்லை.

"சார், அது என்னன்னு நீங்க கண்டுபுடிச்சாலும் சரி, கண்டுபுடிக்காட்டியும் சரி. பூண்ட எடுக்க விட்ருங்க" என்றார் பொன்னுச்சாமி.

சண்முகராஜ் இட்லியை முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்தால் அவர் நீளமாகப் பேசுவார்.

"பெரியவரே, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. என்ன வந்துச்சுன்னு கண்டுபிடிக்க இந்தக் குழுவப் போடல. வந்தத எந்தப் பிரிவு பாக்கணும்னு கண்டுபிடிக்கத்தான் போட்டிருக்கு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு பிரச்சனையத் தீர்த்ததா எந்தக் கோப்புலயும் இருக்காது. தீர்த்தவன் தலையிலதான் அடுத்ததையும் கட்டுவாங்க. நான் எல்லாத்தையும் உரிய இடத்துக்கு அனுப்பிருவேன். இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. உரிய இடம் எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது. ஆனா நல்ல பெரிய இடமாத்தான் இருக்கணும்."

பிறகு நல்ல செய்தியைச் சொன்னார். அறிக்கை தயாராகிவிட்டது. பொருள் இனிமேல் அடையாளம் தெரியாதது இல்லை. ஆதாரை வைத்து அடையாளம் கண்டாயிற்று. அறிக்கையோடு அங்கே வந்திருந்த லாவண்யா தலையைக் குனிந்துகொண்டு காகிதத்தை நீட்டினாள். பொருளின் பெயர்: பொன்னுச்சாமி. தந்தை பெயர்: கருப்பணன். முகவரி: வில்பட்டி. உள்ளூர் முகவரி என்பதால் இ-பாஸ் தேவையில்லை. ஆனால் புறம்போக்கின் மேல் அனுமதியின்றிப் பறந்தது குற்றம். முதல் தடவை என்பதால், வயதையும் கருதி, எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்று குழு கருணையோடு முடிவு செய்திருந்தது.

"சம்பவ இடத்துலயே வச்சுக் கையெழுத்து வாங்கணும். வீடியோ எடுக்கணும்" என்றார் சண்முகராஜ்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் பூண்டுக் காட்டு வரப்பில் கூடினார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. மேகம் தெற்கே காத்திருந்தது. லாவண்யா உறுதிமொழியைப் படித்தாள்: "நான், பொன்னுச்சாமி, முன் அனுமதியின்றி இனிமேல் பறக்க மாட்டேன் என்றும், என்னை நான் வானத்தில் பார்த்ததாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும், எங்கேயேனும் எதையேனும் காண நேர்ந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்."

அப்போது மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டது.

மேகத்துக்குள்ளிருந்து அது வந்தது. வந்து, மூன்றாவது பாத்திக்கு நேர் மேலே, அதே உயரத்தில், அதே பளபளப்போடு நின்றது. நிழல் வட்டமாக விழுந்து குழு முழுவதையும் மூடியது. லாவண்யாவின் துப்பட்டா படபடவென்று அடித்தது. மணியன் கேமராவைத் தூக்கப் போனான்.

"யாரும் மேல பாக்காதீங்க" என்றார் சண்முகராஜ். ஒரு வாரத்தில் அவர் குரலில் முதல்முறையாக அவசரம் தெரிந்தது. "பாத்தவங்க சாட்சி. சாட்சின்னா அடுத்த குழுவுக்கு ஆஜராகணும். அவங்கவங்க ஆதார் கேப்பாங்க."

அரசாங்கம் அத்தனை ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து பொன்னுச்சாமி பார்த்ததில்லை. நில அளவைக்காரர் வரைபடத்தைப் பார்த்தார். வனத்துறைக்காரர் மண்ணில் கால் தடம் தேடினார். சுற்றுலாக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தன் பலகை பக்கமாக நடந்தார். மணியன் கேமராவைத் திருப்பித் தன் செருப்பைப் படம் எடுத்தான். சண்முகராஜ் காகிதத்தையும் பேனாவையும் பொன்னுச்சாமியின் கையில் திணித்தார். காற்றில் காகிதம் பறக்கப் பார்த்தது. ஆளுக்கொரு மூலையாகப் பிடித்துக்கொண்டார்கள். பொன்னுச்சாமி தெற்கே மேகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு, அந்த நிழலுக்குள் நின்றபடி, இனிமேல் பறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டார்.

ரிப்பனை அறுத்துவிட்டார்கள். ஐந்தே நிமிஷத்தில் ஜீப்புகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டன. லாவண்யா மட்டும் ஸ்கூட்டியை எடுக்கும்போது, கண்ணாடியைக் கொஞ்சம் மேலே திருப்பி வைத்து, அதற்குள் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆட்களுக்குச் சொல்லி அனுப்ப நேரமில்லை. புருஷனும் பெண்டாட்டியுமாகக் காட்டில் இறங்கினார்கள். மழை மத்தியானத்துக்குள் வந்துவிடும். அதற்குள் பிடுங்கி, மண் உதிர வெயிலில் கொஞ்ச நேரம் பரப்பி, வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். பொன்னுச்சாமி குனிந்த தலை நிமிராமல் பிடுங்கினார். முதல் பாத்தி முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதற்கு வந்தபோது, பரப்பி வைத்த பூண்டின் மேல் இன்னும் அந்த வட்ட நிழல் கிடந்தது.

"ஏங்க, அது இன்னும் போகல" என்றாள் வள்ளி.

"எது?" என்றார் பொன்னுச்சாமி தரையைப் பார்த்தபடி. "எனக்கு ஒண்ணும் தெரியல புள்ள. நீ பூண்டப் பாரு."

வள்ளிக்குத் தன் புருஷனை நினைத்துப் பொத்துக்கொண்டு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அவள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து, அதை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஏலே, வெரசா அங்கிட்டுத் தள்ளி நில்லு. பூண்டுக்கு வெயில மறைக்கிற."

அது பேரிமரத்துப் பக்கமாகத் தள்ளி நின்றது.